ஆவணித் தண்ணீர்

குளிர் நாட்டில் முந்திரிகை வைக்கப்போகிறேன், எந்த இனம் நல்லது என்று கேட்டு இப்பவும் மாதத்துக்கு ஒருவர் இருவர் என்னைத் தேடி வருகிறார்கள், ரொறன்ரோவில் இருந்து வருகிறார்கள், ஒட்டாவாவில் இருந்து வருகிறார்கள், போன மாதம் ஒருவர் நோர்வேயில் இருந்து போன் எடுத்தார், எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: உங்கட வீட்டில் களைத்துப்போன ஆட்கள் இருந்தால் கொடி வைக்காதீர்கள். அவர்கள் சிரிப்பார்கள். குலவீரசிங்கத்தார் பகிடி விடுகிறார் என்று நினைப்பார்கள். பேந்து நான் இனங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்க, கொப்பியை எடுத்து எழுதிக்கொள்வார்கள்.

உங்களில் சிலருக்குத் திராட்சை என்றால்தான் விளங்கும். எங்கட உரும்பிராய்ப் பக்கத்தில் அதை முந்திரிகை என்றுதான் சொல்வோம், அந்தச் சொல்லை இந்த வயதில் நான் மாற்றப்போவதில்லை. அங்கே கொடிக்கு நித்திரை என்ற ஒன்று கிடையாது, தண்ணி இறைத்து எருவைப் போட்டுக் கொப்பை வெட்டிவிட்டால் வருசத்துக்கு இரண்டு தரம் காய்க்கும், கொடி வாடினால் தண்ணி, மஞ்சளித்தால் எரு, அதுக்கு மேலே ஒரு படிப்பும் இல்லை. அந்தப் படிப்போடுதான் நான் கனடாவுக்கு வந்தேன். மொன்றியலுக்குத் தெற்கே, அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, கோழி வெட்டுகிற ஒரு பக்டரியை நம்பி எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம், எட்டுக் குடும்பமும் சேர்ந்து ஒரு சரிவு நிலத்தை எடுத்து, முந்திரிகை வைப்பம், வைன் வடிப்பம், கோழி இரத்தத்துக்குள் நின்றது காணும் என்று முடிவெடுத்தபோது, முந்திரிகையைப் பற்றி எனக்கு ஆர் சொல்லித்தரவேணும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவன் நான்தான்.

முதல் வருசம் ஊரில் இருந்து பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு வந்த தடி நட்டேன், நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வந்த ஒருவர் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தது, அது கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்னமே செத்துப்போனது. பிறகு பேருக்கு ஆசைப்பட்டு ரீஸ்லிங் என்ற ஜேர்மன் இனம் நட்டேன், தை மாதம் பனிக்கு மேலே தெரிந்த பாகமெல்லாம் செத்து, வைகாசியில் பனிக்குள் கிடந்த பாகமும் செத்துப்போனது. அதுக்குப் பிறகுதான் வெட்கத்தை விட்டுக் கன்று விற்கிற மதாம் லூசியிடம் போனேன். மதாம் லூசி கட்டையான மனிசி, என்னிலும் பத்து வயது குறைவு, ஒவ்வொரு கன்றையும் காட்டி அதன் பெயரைச் சொல்லுகிற கையோடு அது தாங்கக்கூடிய குளிரையும் சொல்லுவா. ஃப்ரொந்தனாக், மைனஸ் முப்பத்தைந்து. மார்க்கெத், அதிலும் ஒரு பாகை இரண்டு பாகை குறைவு. விடால், மைனஸ் இருபத்தைந்து, அதைக் கட்டாயம் மண்ணுக்குள் படுக்கவைத்து மூடவேணும். நாங்கள் எல்லாவற்றையும் வாங்கினோம், எல்லாவற்றையும் மூடினோம், நின்ற நிலையிலேயே குளிரைத் தாங்குகிற ஃப்ரொந்தனாக்கைக்கூடக் கம்பியில் இருந்து அவிழ்த்துப் பள்ளத்தில் கிடத்தி, வைக்கோல் போட்டு மண் போட்டு மூடினோம். ஏன் என்று மதாம் லூசி கேட்டா. எங்களுக்கு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை என்று சொன்னோம்.

அவ இன்னொன்றும் சொன்னா. ஓகஸ்ட் பதினைந்துக்குப் பிறகு, அதாவது ஆவணி பிறந்த கையோடு, தண்ணி விடக்கூடாது, எரு போடக்கூடாது. கொடி பசி கிடக்கவேணும், பச்சைத் தண்டு மண்ணிறமாகி மரமாக முற்றவேணும். பச்சையாகக் குளிருக்குள் போகிற கொடி திரும்பி வராது. எனக்கு அது பொல்லாத கதையாகப் பட்டது, காய்த்துத் தந்த கொடியை ஆராவது பட்டினி போடுவார்களா? ஆனாலும் இரண்டு தரம் சூடு கண்டவன் என்றபடியால் வாயை மூடிக்கொண்டு அவ சொன்னபடி செய்தேன்.

அந்தக் கன்றுகள் வைத்து மூன்றாம் வருசம் முதல் காய்ப்பு வந்தது. முதல் வைனை வடித்து யூட்டுக்கு ஒரு வாய் கொடுத்தேன். யூட் பாசையூர்க் கத்தோலிக்கப் பெடியன், பெடியன் என்றாலும் நாற்பத்தைந்து வயது, கோழி வெட்டுகிற மேசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவன். வாய்க்குள் வைத்தவன் முகத்தைச் சுழித்து, "அண்ணை, இதைப் பூசைக்குக் குடுத்தால் சாமியார் சைவமாயிடுவார்," என்றான். அவ்வளவு புளிப்பு. சரி, வருகிற வருசம் பார்ப்பம் என்று அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொடிகளைப் படுக்கவைத்து மூடிக்கொண்டு நின்றோம், யூட்டும் அவன் மனிசி றெஜினாவும் ஒரு நிரை, நானும் என்ர மனிசி அருந்தவமும் மற்ற நிரை, அப்போதுதான் அருந்தவம் கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஃப்ரொந்தனாக் கொடிக்குப் பக்கத்தில் பள்ளத்துக்குள் இறங்கி நீட்டி நிமிர்ந்து படுத்தா.

"என்ன தவம், விளையாடுறீரோ?" என்றேன்.

"விளையாட்டில்லை. எனக்குக் களைப்பு," என்றா. "இந்த முறை பனியைப் பாக்க என்னால ஏலாது. இதுகளை மூடுற மாதிரி என்னையும் மூடிவிடுங்கோ. இதுகளைத் திறக்கேக்கை என்னையும் திறவுங்கோ."

"அப்ப வேலை?"

"லீவு சொல்லுங்கோ."

சொல்லிக் கண்ணை மூடினா, மூடின கையோடு நித்திரையாகிப்போனா, தட்டினேன், உலுக்கினேன், எழும்பவில்லை, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்கு ஒரு மூச்சு வந்தது, அது ஆறுதலாக வந்து ஆறுதலாகப் போனது. இருபத்து மூன்று மாரி கண்ட மனிசி, பத்தொன்பது வருசம் குளிர் அறைக்குள் நின்று கோழி கொழுவின மனிசி, பத்து விரலும் மெழுகு மாதிரி வெள்ளையாகிப்போய் வீட்டுக்கு வந்து அரைமணித்தியாலம் சுடுதண்ணிக்குள் கையை வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் இருக்கிற மனிசி. யூட் வைக்கோலை அள்ளிக்கொண்டு வந்தான். "மூடுவம் அண்ணை," என்றான். "அக்கா இப்பிடிக் கிடந்தால் தடிமன் பிடிக்கப்போகுது." றெஜினா தன் சால்வையை எடுத்து முகத்தில் விரித்தா, அதுக்கு மேலே வைக்கோல் போட்டோம், வைக்கோலுக்கு மேலே மண் போட்டோம், கைகளை நெஞ்சில் வைத்துவிட்டது நான்தான்.

பக்டரியில் லீவு கேட்டபோது மேற்பார்வைக்காரன் எவ்வளவு நாள் என்று கேட்டான், கொடி திறக்கும் மட்டும் என்றேன், லீவு ஃபோமில் அப்படியே எழுதிக்கொண்டான். ஊரில் இருந்து அருந்தவத்தின் தங்கை போன் எடுத்தபோதெல்லாம் அக்கா குளிக்கிறா என்று சொன்னேன், அப்படி ஆறு மாதம் குளித்தா. தைப்பொங்கலுக்கு மற்ற ஏழு வீட்டுப் பெண்டுகளும் வந்து நிரையின் தலைமாட்டில் நின்று கதைத்தார்கள், பொங்கலில் ஒரு பிடி வைப்பமோ வேண்டாமோ என்று வாக்குவாதப்பட்டார்கள், பேந்து மணத்துக்கு எழும்பினாலும் எழும்பிவிடுவா, பாவம் கிடக்கட்டும் என்று கொண்டுபோய்விட்டார்கள். நகரசபையில் இருந்து ஒருவன் வந்து பள்ளத்தை நாடாவால் அளந்து, வடிகாலில் இருந்து காணுமான தூரம் இருக்கிறது, அனுமதி தேவையில்லை என்று சொல்லிப் போனான். ஐயரைக் கேட்டோம், ஏதாவது செய்யவேணுமோ என்று. திரும்பி வருகிற ஆளுக்குச் செய்கிறதுக்கு ஒரு கிரியையும் சொல்லியில்லை என்றார்.

வைகாசி முதல் கிழமை திறந்தோம். மொட்டுகள் ஊதிக் கிடந்தன. அருந்தவம் கண்ணைத் திறந்து, "என்ன சமையல்?" என்று கேட்டா. விரலெல்லாம் சிவந்து, முகம் தெளிந்து, கலியாணம் கட்டின புதிதில் பார்த்த மாதிரி இருந்தா, இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டா, குழம்பு காணாது என்று மூன்றாம் தரமும் விட்டுச் சாப்பிட்டா. கீழே எப்படி இருந்தது என்று எல்லாப் பெண்டுகளும் சுற்றி நின்று கேட்டார்கள்.

"ஒண்டும் இல்லை," என்றா. "ஐயோ, என்ன வடிவான ஒண்டுமில்லை தெரியுமே."

அவ்வளவுதான், அடுத்த ஐப்பசிக்கு ஏழு பேர் வந்துவிட்டார்கள். றெஜினா வந்தா, மகளுடைய விவாகரத்துக்குப் பிறகு கதையை நிற்பாட்டின ஒருவர் வந்தார், இரண்டு வேலை செய்கிறவர்கள் வந்தார்கள், ஒரு வேலையும் கிடைக்காதவர் ஒருவரும் வந்தார். ஆர் எந்தக் கொடிக்குப் பக்கத்தில் என்பதுதான் பெரிய பிரச்சினையாகிப்போனது, முப்பத்தைந்து தாங்குகிற ஃப்ரொந்தனாக் எல்லோருக்கும் வேணும், இருபத்தைந்து தாங்குகிற விடாலுக்குப் பக்கத்தில் படுக்க ஒருவருக்கும் விருப்பமில்லை, சாதகம் பார்த்துக் கேட்டவர்களும் உண்டு, வெட்கக்கேட்டைச் சொல்லாமல் விட்டால் நான் மனிசனில்லை, அடுத்த நிரையில் ஆர் படுக்கிறது, அவர்கள் ஊரில் எந்தப் பக்கம், என்ன ஆட்கள் என்று இரகசியமாகக் கேட்டவர்களும் உண்டு. கடல் கடந்து வந்து, கோழிக் குடலுக்குள் ஒன்றாகக் கைவைத்து வேலைசெய்து, கடைசியில் மண்ணுக்குள் போகிற நேரத்திலும் அந்த அறுந்த கதை. யூட் மட்டைத் துண்டுகளில் பேரெழுதிக் குலுக்கிப் போட்டு நிரை பிரித்தான், விருப்பமில்லாத ஆட்கள் விழித்திருங்கோ என்றான், எல்லோரும் பேசாமல் படுத்தார்கள்.

மெல்ல மெல்ல அதுக்கென்று ஒரு ஒழுங்கு வந்தது. மாரிக்குள் ஊரில் ஆராவது செத்தால் படுத்திருக்கிறவர்களுக்கு வைகாசியில் சொல்வோம், வைகாசியில் முழுகி, வைகாசியில் அழுது, வைகாசியில் செத்தவீடு கொண்டாடுவார்கள். குளிருக்குள் ஒருநாளும் திறக்கக்கூடாது, திறந்தால் குளிர் உள்ளே போய் அந்த நிரை முழுவதும் போய்விடும். கொடிக்குச் சொன்னதுதான் ஆளுக்கும், அதை ஒருவரும் கூடிக் கதைத்து முடிவெடுக்கவில்லை, எல்லோருக்கும் தானாகவே விளங்கிவிட்டது: ஆவணி பிறந்தால் படுக்கப்போகிறவர்களைத் தணியவிடவேணும். நல்ல சாப்பாடு இல்லை, ஊர்ப் புதினம் இல்லை, பகிடி இல்லை, சண்டையும் இல்லை, போன் இல்லை, ஒரு கஞ்சி, ஒரு துண்டுப் பாண், முற்றத்தில் ஒரு கதிரை. அவர்கள் அப்படியே கதை குறைந்து, நிறம் குறைந்து, ஐப்பசி மட்டும் முற்றிக் காய்ந்து வருவார்கள். அருந்தவம் அதில் வலு கெட்டிக்காரி. ஆவணி முதலாம் திகதி வாயை மூடினால் என்னை ஒரு சுவரைப் பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பா.

கணக்குப் போட்டுப் பாருங்கோ. வைகாசி, ஆனி, ஆடி. மூன்று மாதம் எனக்கு மனிசி இருந்தா. மற்ற ஒன்பது மாதமும், மகளும் கலியாணம் கட்டி ஒட்டாவாவுக்குப் போய்விட்ட வீட்டில், நான் சமைத்து நான் தின்று, ரீவிக்கு முன்னால் நான் கதைத்து நானே மறுமொழி சொல்லி, என்ர வீட்டில் நானே விருந்தாளியாக இருந்தேன். நானும் படுத்துப் பார்த்தேன், நினைக்காதீர்கள் படுக்கவில்லை என்று, ஒரு ஞாயிறு முழுக்க அவவின் பக்கத்தில் பள்ளத்துக்குள் கிடந்தேன், கண் மூடவில்லை, முதுகுக்குக் கீழே ஒரு கல்லு குத்தியது, மதாம் லூசியில் கோபம் வந்தது, பக்டரியில் கோபம் வந்தது, முப்பது வருசத்துக்கு முன்னம் என்ர தண்ணிப் பம்பைக் களவெடுத்தவனில்கூடக் கோபம் வந்தது. பின்னேரம் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவ படுக்கத் தொடங்கி ஆறாம் வருசம், ஆடி கடைசியில், நான் அருந்தவத்திடம் வாய்விட்டுக் கேட்டேன்.

"இந்த ஒரு வருசம் படுக்காமல் இரும் தவம். எனக்காக."

அவ அரிசி களைந்துகொண்டு நின்றா. "நீங்களும் வாங்கோவன்," என்றா.

"எனக்குத்தான் வருகுதில்லையே. வந்தாலும், எல்லாரும் படுத்தால் மூடுறது ஆர்?"

"உங்களுக்கு இன்னும் களைக்கேல்லை. கோபம்தான் வருது. கோபத்தோட படுத்தால் என்னெண்டு நித்திரை வரும்?" அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தா. "என்னைப் பிழையா நினையாதேங்கோ. உங்களில எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு இந்தக் குளிர் ஏலாது, அவ்வளவுதான்."

அவவில் ஒரு பிழையும் இல்லை. பிழையெல்லாம் அந்த ஆவணியில் நான் செய்ததுதான். நான் நினைத்தேன், இந்த மனிசியைத் தணியவிடாமல் வைத்திருந்தால், பச்சையாக வைத்திருந்தால், நித்திரை கிட்டவும் வராது, மாரி முழுக்க என்னோடு இருப்பா. எங்கட ஊர்க் கொடி நித்திரையா கொள்கிறது? ஆவணி பிறந்த அன்று நான் மீன்கடைக்குப் போய் விளைமீன் வாங்கிவந்து தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தேன், புட்டு அவித்தேன், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிசி மணத்துக்குத் திரும்பினா. அடுத்த நாள் நண்டு. அதற்கடுத்த நாள் தலையில் நல்லெண்ணெய் வைத்துவிட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் நான் சின்ன வயதில் முந்திரிகைக் கூடைகளோடு லொறியில் கொழும்புக்குப் போன கதையைச் சொன்னேன், உள்ளதையும் சொன்னேன் இல்லாததையும் சொன்னேன், லொறி அநுராதபுரத்தில் பழுதாகி நின்றதும், குரங்குகள் வந்து சுற்றிவளைத்ததும், சாரதி கூடைக்குள் ஏறி ஒளித்ததும், அருந்தவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா, "பேந்து? பேந்து?" என்று கேட்டா. அவவின் ஃப்ரொந்தனாக்குக்கும் விடியற்காலையில் ஒருவரும் பார்க்காத நேரம் நாலு வாளி தண்ணி ஊற்றினேன், கோழி எருவைக் கரைத்து ஊற்றினேன். புரட்டாசி முடிவில் மற்றக் கொடிகளெல்லாம் மஞ்சளாகி இலை கொட்டி நிற்க, அவவின் கொடி மட்டும் கரும்பச்சையாக நுனி விட்டுக்கொண்டு நின்றது. மதாம் லூசி ஒருநாள் வந்தவ, அந்தக் கொடியின் நுனியைக் கிள்ளி, ஈரமான விரலை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனா.

எனக்கு விளங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். விளங்கியது. ஆனால் வீட்டுக்குள் ஒரு மனிசியின் சிரிப்புச் சத்தம் கேட்டால் வேறொன்றும் காதில் விழாது.

ஐப்பசி இரண்டாம் கிழமை பக்டரியில் குளிர் அறையின் வெப்பத்தை இன்னும் இரண்டு பாகை குறைத்தார்கள். அருந்தவம் வெள்ளை விரல்களோடு வீட்டுக்கு வந்து சுடுதண்ணிக்குள் கையை வைத்தா. "நான் போறன்," என்றா.

"கதை முடியேல்லையே," என்றேன். "லொறி இன்னும் கொழும்புக்குப் போய்ச் சேரேல்லை. படுத்தால் மிச்சம் சொல்லமாட்டன்."

"வைகாசியில சொல்லுங்கோ," என்று சிரித்தா.

சிரித்துக்கொண்டுதான் பள்ளத்துக்குள் இறங்கினா, எண்ணெய் வைத்த தலை, சதை பிடித்த கன்னம், படுத்த பிறகும் குரங்குகளை நினைத்து ஒரு தரம் சிரித்தா. யூட் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அண்ணை, அக்கா சிரிச்சுக்கொண்டெல்லே படுக்கிறா."

"சிரிச்சால் என்னடா? சந்தோசமாப் போகட்டும்."

அவன் அடுத்த நிரையில் ஏற்கனவே காய்ந்து சருகாகக் கிடந்த றெஜினாவை மூடப் போய்விட்டான். அருந்தவம் கண்ணை மூடும் மட்டும் பார்த்து நின்று, மூடினதும் நான் வைக்கோலை மற்றவர்களுக்குப் போட்டதிலும் இரண்டு மடங்கு போட்டேன். மண்ணையும் இரண்டு மடங்கு போட்டேன்.

அந்த மாரி பொல்லாத மாரி. மார்கழி முழுக்கப் பனி இல்லை, நத்தார்ப் பண்டிகைக்கு மழை பெய்தது, தை பிறந்து பொங்கலுக்கு அடுத்த நாள் மைனஸ் முப்பத்து மூன்றுக்கு இறங்கியது. கொடி வைக்கிறவர்களுக்குத் தெரியும், பனிதான் போர்வை, பனி மூடிக் கிடந்தால் மண்ணுக்குள் குளிர் இறங்காது, வெறும் நிலமாகக் கிடந்தால் அடி வேர் மட்டும் இறங்கும். அந்த வருசம் எட்டு வீட்டில் விழித்திருந்தது நானும் யூட்டும் இன்னும் இரண்டு பேரும்தான். பள்ளிக்கூட மதில் ஓரத்திலும் தேவாலயத்து முற்றத்திலும் வழித்துக் குவித்த பழைய பனிதான் கிடந்தது, வேலை முடிந்ததும் அதைச் சவள் என்கிற அகல மண்வெட்டியால் வெட்டித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிரைகளுக்கு மேலே போட்டோம், கல்லாக இறுகின பனி, சவள் பட்டு ணங்கு ணங்கு என்று கேட்கும், போட்டதை அவவின் நிரைக்கு மேலே நின்று அடித்து உடைத்துப் பரப்பி இறுக்குவேன். மூன்று கிழமை. மூன்றாம் கிழமை முடிவில் வானமே இரங்கி ஒரு முழம் பனி கொட்டியது.

மாசியில் மொட்டு வெட்டிப் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு கொடியின் நுனியையும் கொஞ்சம் வெளியே விட்டுத்தான் மூடுவோம், அதில் ஒரு மொட்டைச் சவர அலகால் குறுக்கே வெட்டினால் உள்ளே பச்சையாக இருந்தால் உயிர், மண்ணிறமாக இருந்தால் போய்விட்டது. விடாலில் சிலது மண்ணிறம், மற்றதெல்லாம் பச்சை. அருந்தவத்தின் கொடியில் ஐந்து மொட்டு வெட்டினேன், ஐந்தும் மண்ணிறம். யூட் பின்னால் நின்று பார்த்தான்.

"கொடிதானே அண்ணை," என்றான். "அக்கா வேறை."

"ஓம்," என்றேன்.

வைகாசியில் திறந்தோம். ஒவ்வொருவராகக் கண் விழித்து, என்ன திகதி, ஆர் செத்தது, என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டு எழும்பினார்கள். அருந்தவத்தின் நிரையை நான் கடைசியாகத் திறந்தேன். முகத்துக்குப் போட்ட சால்வை கழுத்தடியில் சுருண்டு கிடந்தது. நெஞ்சில் நான் வைத்துவிட்ட கைகள் நெஞ்சில் இல்லை, இரண்டும் முகத்துக்கு மேலே தூக்கினபடி நின்றன, கண் திறந்திருந்தது. நான் அவவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பேந்து லொறி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன், குரங்குகளை எப்படிக் கலைத்தோம், புறக்கோட்டையில் எப்படி விற்றோம் என்று கடைசி மட்டும் சொன்னேன். யூட் வந்து என்னைத் தோளில் பிடித்துத் தூக்கினான்.

சனம் அதையும் ஏற்றுக்கொண்டது. பொல்லாத மாரி, கொடிகளிலும் சிலது போனதுதானே, அந்த இடத்தில் பனி காணாமல் போயிருக்கும் என்று சொன்னார்கள். மகள் ஒட்டாவாவில் இருந்து வந்து அழுதாள். ஐயருக்கு இந்த முறை கிரியை தெரிந்திருந்தது. ஆரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை, வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்து தந்தார்கள், அடுத்த ஐப்பசிக்கு எந்த நிரை என்று அதே முற்றத்தில் நின்று கதைக்கவும் தொடங்கிவிட்டார்கள். றெஜினா மட்டும் என்ர வீட்டுப் படி ஏறவில்லை. என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கம் போனா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு நானே அவவின் வீட்டுக்குப் போனேன். யூட் கதவைத் திறந்தான், என்னைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டான்.

"நீர்தானே றெஜினா அடுத்த நிரையில கிடந்தது," என்றேன். "உமக்கு ஏதோ தெரியும். சொல்லும்."

"வேண்டாம் அண்ணை."

"சொல்லும் பிள்ளை."

அவ கையில் கிடந்த செபமாலையைச் சுற்றினா, அவிழ்த்தா, திரும்பவும் சுற்றினா. "அக்கா நித்திரை கொள்ளேல்லை, அண்ணை," என்றா. "கொஞ்ச நாள் கொண்டவ. பேந்து எழும்பிட்டா. நான் கனவு மாதிரித்தான் கேட்டது, எனக்கு வாய் திறக்கேலாது, கண் திறக்கேலாது, மறுமொழி சொல்ல ஏலாது. மார்கழி முழுக்க அவ என்னோட கதைச்சுக்கொண்டு கிடந்தவ. இண்டைக்கு அவர் என்ன சமைச்சிருப்பார் எண்டு கேட்பா. அந்தக் குரங்குக் கதையை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. பேந்து குளிருது எண்டு சொல்லத் தொடங்கினா. உங்களைக் கூப்பிட்டவ. கனநாள் கூப்பிட்டவ."

யூட் குசினி வாசலில் கோப்பையோடு நின்றான், உள்ளே வரவில்லை.

"கடைசியில சரியாப் பயந்துபோனாவோ?" என்று கேட்டேன். "அதை மட்டும் சொல்லும்."

"இல்லை அண்ணை," என்றா றெஜினா, அப்போதுதான் அவ அழத் தொடங்கினா. "கடைசி மூண்டு கிழமையும் சந்தோசமா இருந்தவ. மேல சவள் சத்தம் கேட்கத் தொடங்கினதில இருந்து. 'கேக்குதே றெஜினா, இவர் தோண்டுறார், கொஞ்சம் பொறும், வந்திடுவார்' எண்டு ஒவ்வொரு நாளும் எனக்குச் சொன்னவ."

அந்த மூன்று கிழமையும் ஒருநாள்கூடத் தவறாமல் நான் பனி கொண்டுவந்து போட்டேன்.